சமோராவின் தட்டும் டோரோவின் கோப்பையும்

ஸ்பெயினின் மேற்கு ஓரத்தில், போர்ச்சுகல் எல்லையை ஒட்டிக் கிடக்கும் மாகாணம் சமோரா. 1950-இல் இங்கே 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். இன்று ஏறக்குறைய பாதிதான், அதிலும் முதியவர்கள் அதிகம். இப்படிப்பட்ட மாகாணத்தின் சமையலைப் பற்றி எழுத வருபவர்கள் ஒன்று பாட்டி கைமணம் என்று உருகுகிறார்கள், அல்லது உலகத் தர ஒயின் என்று மதிப்பெண் பட்டியலை நீட்டுகிறார்கள். இரண்டும் விமர்சனம் ஆகாது. சாப்பாட்டையும் ஒயினையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

முதலில் அரிசி. சமோராவின் பெயரைத் தாங்கிய சோற்றில் பன்றியின் காது, மூக்கு, கால், டர்னிப், ஒரேகானோ, சிவப்பு மிளகாய்த்தூள் எல்லாம் சேர்கின்றன. குளிர்காலத்தில் பன்றி அறுக்கும் நாட்களை ஒட்டிப் பிறந்த பண்டம். ஆனால் அரிசி இந்த மண்ணில் விளைவதில்லை. இன்னொரு புகழ்பெற்ற பதார்த்தம் காட் மீன் கருவாடு. சனாப்ரியா மலைப்பகுதிக்காரர்கள் பெருமையாகச் சொல்வது ஆக்டோபஸ். கடலே இல்லாத மாகாணம் இது! கோவேறு கழுதைகளில் சரக்கேற்றித் திரிந்த வணிகர்கள் கொண்டுவந்து சேர்த்த சமையல், ஆகவே ‘மண்ணின் உணவு’ என்ற பேச்சு பாதிதான் மெய். அதைக் குறையாக நான் எண்ணவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. பூண்டும் மிளகாய்த்தூளும் சோற்றிலும் மீனிலும் ஆக்டோபஸிலும் ஒரே மாதிரி ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. முதல் நாள் அபாரம், நான்காம் நாள் சலிப்பு. பெனவென்டே பக்கத்துக் குடைமிளகாயை விட்டால் காய்கறிக்குத் தனி மரியாதையும் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் அந்தப் பூண்டும் மிளகாய்த்தூளும் முழு வெற்றி பெறுகின்றன. புனித வெள்ளியன்று காலை 5 மணிக்குக் கிளம்பும் ஊர்வலம் வழியில் நிற்கும்போது எல்லோரும் குடிக்கும் பூண்டு சூப் அது. பழைய ரொட்டி, பூண்டு, மிளகாய்த்தூள், தண்ணீர் என்று மறைத்துவைக்க ஒன்றுமில்லாத பக்குவம். ஈஸ்டர் ஞாயிறன்று உண்ணும் இரண்டு முட்டைப் பொரியலும் பன்றித்தொடை இறைச்சியும் வயிறு நிறைக்கும். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த மாகாணத்தின் உண்மையான பலம் அடுப்பில் இல்லை, மூலப்பொருளில் இருக்கிறது. ஃபுவென்டெசாவுகோ கொண்டைக்கடலை வெந்தும் தோல் கழலாது, உள்ளே வெண்ணெயாகக் குழையும். அதைவிடப் பெரிது செம்மறிப்பால் சீஸ். ஸ்பெயினில் செம்மறிப்பால் மிக அதிகமாகக் கறக்கும் மாகாணம் சமோராதான். ஆனால் இந்த வட்டாரத்துப் பாலின் பெரும்பகுதி இப்போது இஸ்ரேலில் உருவாக்கப்பட்ட அசாஃப் இனத்திலிருந்து வருகிறது. கொட்டகையிலேயே நிறுத்தி வளர்க்கலாம், பாலும் அதிகம். ‘கெசோ சமோரானோ’ என்ற காப்புப் பெயரில், அதாவது வட்டாரத்துக்கென்று சட்டம் காக்கும் பெயரில், விற்க வேண்டுமானால் சூர்ரா, காஸ்டெல்யானா என்னும் உள்ளூர் இனங்களின் பால் வேண்டும், குறைந்தது 100 நாள் பழுக்கவும் வேண்டும். குறைவாகக் கறக்கும் ஆட்டை ஒருவர் இன்னும் வைத்திருப்பதற்கு அந்த முத்திரை ஒரு காரணம். காப்புப் பெயர்கள் பல வெறும் விளம்பரம் என்பது என் பொதுவான சந்தேகம். இங்கே அது செல்லாது.

இனி ஒயின். டோரோ நகரைச் சுற்றிய தோட்டங்கள் 600 மீட்டருக்கு மேல் உயரத்தில், மழை குறைந்த மணல் நிலத்தில் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா பூச்சி ஐரோப்பாவின் கொடிகளை அழித்தபோது மணலில் அதனால் பரவ முடியவில்லை. ஒட்டுக் கட்டாத பழங்கொடிகள் இங்கே பிழைத்தன. தோட்டமிழந்த பிரான்ஸ் டோரோவிலிருந்து ஒயின் வாங்கியது. கொடியின் பெயர் டின்டா தெ டோரோ, டெம்ப்ரானில்யோவின் உள்ளூர் வகை. வெயிலில் சர்க்கரை ஏறும், மதுச்சாரமும் ஏறும். டோரோ ஒயின் தயாரிப்பாளர் மனுவேல் ஃபரீன்யா அறுவடையை முன்னுக்குக் கொண்டுவந்து அந்த முரட்டுத்தனத்தைத் தணித்தார். 1987-இல் டோரோவுக்குக் காப்புப் பெயர் கிடைத்தது. பிறகு பணம் வந்தது. 1998-இல் எகுரென் குடும்பம் தொடங்கிய நுமான்தியா ஒயின்சாலை 2004-ஆம் ஆண்டுத் திராட்சையில் செய்த டெர்மான்தியாவுக்கு ‘வைன் அட்வகேட்’ இதழ் 100-க்கு 100 கொடுத்தது. 2008-இல் எல்விஎம்ஹெச் என்னும் சொகுசுப் பொருள் நிறுவனம் அந்த ஒயின்சாலையை வாங்கிக்கொண்டது.

இந்த ஒயின்கள் மோசமானவை என்று சொல்ல மாட்டேன். 15 சதவீத மதுச்சாரத்துக்கு நிலமும் வெயிலும் காரணம் என்ற வாதத்தையும் ஏற்கிறேன். ஆனால் அதன்மேல் புது ஓக் பீப்பாயின் வனிலா வாசனையை ஏற்றுவதும், தோலிலிருந்து துவர்ப்பைக் கடைசிவரை பிழிந்தெடுப்பதும் நிலம் செய்த வேலையல்ல, ஒயின் செய்பவரின் முடிவு. எட்டு பத்து ஒயின்களை வரிசையாக வைத்துச் சுவைத்துத் துப்பும் நடுவருக்கு முன்னால் அந்த முடிவு ஜெயிக்கும். கொண்டைக்கடலைக் குழம்புக்கு முன்னால் தோற்கும். கடலையின் மென்மை அந்தத் துவர்ப்பில் காணாமல் போகும். பூண்டு சூப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சீஸ் மட்டும் தாக்குப்பிடிக்கிறது, கொழுப்பின் தயவில்.

எல் பெர்திகோன் என்ற ஊரில் மண்ணுக்கடியில் தோண்டிய பழைய ஒயின் அறைகள் இன்று சாப்பாட்டுக் கடைகள். கவாத்து செய்த திராட்சைக் குச்சிகளை எரித்து இறைச்சி சுடுகிறார்கள். அந்த மேசைக்குப் பொருந்துவது பீப்பாய் காணாத இளம் டோரோ. அல்லது டுவேரோ ஆற்றின் பள்ளத்தாக்கில், அரிபெஸ் பகுதியில் விளையும் ஹுவான் கார்சியா திராட்சையின் இலகுவான சிவப்பு ஒயின். அரிபெஸுக்கு 2007-இல்தான் காப்புப் பெயர் கிடைத்தது. அதன் புகழ் டோரோவுக்குப் பக்கத்தில்கூட வராது. உணவோடு வைத்துப் பார்த்தால் வரிசை தலைகீழாக வேண்டும்.

சீஸுக்கும் கொண்டைக்கடலைக்கும் முதல் இடம். பூண்டு சூப்புக்கு அடுத்தது, சோற்றுக்கும் கருவாட்டுக்கும் நடுத்தரம். நூறு மதிப்பெண் டோரோ இந்தச் சாப்பாட்டுப் பட்டியலில் கடைசி. முதல் முறை வாங்குபவர்கள் லேபிளில் ‘ஹோவென்’ என்று போட்ட இளம் டோரோவைப் பாருங்கள், விலையும் குறைவு.