அட்டவணையில் அடங்காத எண்ணெய்

"இன்னும் முப்பதே ஆண்டுகளில் எண்ணெய் தீர்ந்துவிடுமாமே, சார்!" என்று என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பதுண்டு. வாசகர்களே, நீங்களும் கேட்டிருப்பீர்கள். இந்தப் பேச்சு பரவியதில், டொனெல்லா மெடோஸ் முதலிய நால்வர் எழுதி 1972-இல் வெளிவந்த 'வளர்ச்சிக்கு எல்லைகள்' என்ற நூலுக்குப் பெரும் பங்குண்டு.

அதிலுள்ள அட்டவணை ஒன்று, உலகில் அறியப்பட்ட எண்ணெய் இருப்பு 45,500 கோடி பீப்பாய் என்கிறது. அன்றைய அளவிலேயே செலவழித்தால் 31 ஆண்டுகள் வரும். செலவு பெருகிக்கொண்டே போனால் 20 ஆண்டுகள். இருப்பு ஐந்து மடங்கானாலும் 50 ஆண்டுகள்தாம். கூட்டுவட்டிக் கணக்கு இது, பிழையில்லை. கடைசி எண்ணைப் பாராமலே நூலைப் பழிப்பவர்கள் பலர். என் குறை வேறு.

'இருப்பு' என்பதைக் குதிருக்குள் கொட்டிவைத்த நெல்லைப் போல் நூல் கையாள்கிறது. பூமிக்குள் எண்ணெய் ஏரியாகத் தேங்கி நிற்கவில்லை. பாறையின் நுண்துளைகளில், கடற்பஞ்சில் நீர்போல் ஊறிக் கிடக்கிறது. அதில் எவ்வளவு வெளிவரும் என்பது பாறையை மட்டுமன்று, நம் அறிவையும் எண்ணெயின் விலையையும் பொறுத்தது.

கலிபோர்னியாவின் கெர்ன் ரிவர் வயலைப் பாருங்கள். 1899-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1942-இல் அங்கே மிச்சம் 5.4 கோடி பீப்பாய் என மதிப்பிட்டார்கள். அடுத்த 44 ஆண்டுகளில் அதே வயல் தந்தது 73.6 கோடி! அதன் பிறகும், 1986-இல், 97 கோடி மிச்சம் என்றார்கள். புதிதாக எண்ணெய் ஊறிவிடவில்லை. அது ஆறிய வெல்லப்பாகு போன்ற கெட்டி எண்ணெய்; 1960-களில் நீராவியைச் செலுத்தத் தொடங்கியதும் இளகி ஓடிவந்தது.

பழைய கிணறுகளில் தப்பிப்போன எண்ணெயைத் தேடும் முறை இதைவிடச் சுவையானது. எஃகுக் குழாய் இறக்கிய கிணற்றில், வழக்கமான மின்தடை அளவீடு பாறையை எட்டாது. நியூட்ரான் எட்டும். வேக நியூட்ரான் மோதினால், கார்பன் அணுக்கரு சுமார் 44 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிரை வெளியிடும். ஆக்சிஜன் அணுக்கருவோ 61 லட்சம். எண்ணெயில் கார்பன், நீரில் ஆக்சிஜன். குழாய்க்குப் பின்னால் இருப்பது எது என்பதை இரண்டின் விகிதம் காட்டிக்கொடுத்துவிடும். (சுண்ணாம்புப் பாறையிலும் கார்பன் உண்டு, அங்கே திருத்தம் வேண்டும்.)

ஆகவே எண்ணெய் வற்றவே வற்றாது என்று எண்ணிவிடாதீர்கள். நீராவி காய்ச்சவும் எரிபொருள் வேண்டும். செலவு வரவை மிஞ்சும் நாளில், அடியில் எண்ணெய் கிடந்தாலும் வயலை மூடிவிடுவார்கள். இந்த வரவுசெலவுக்கு அந்த அட்டவணையில் இடமே ஒதுக்கவில்லை.