ஓட்டுநர் எங்கே போனார்?

நாவலுக்குத் திறனாய்வு உண்டு. நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் உண்டு. பிள்ளைகளின் கையில் ஆண்டுக்கணக்கில் புழங்கும் பொம்மைக்கு மட்டும் அந்தப் பேறு கிடைப்பதில்லை. 'குழந்தை விளையாடிக் கொண்டிருக்கிறது' என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் நூலைப் போலவே பொம்மைக்கும் ஆக்கியோன் உண்டு, கருப்பொருள் உண்டு, சொல்லாமற் சொல்லும் செய்தியும் உண்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலேயே பிள்ளைகள் அந்தச் செய்தியை விரல்களால் படித்து முடித்துவிடுகிறார்கள்.

நம்மை இந்த ஆய்வில் இறக்கிவிட்டவன் எட்டு வயதுச் சிறுவன். ஸ்ரீரங்கத்தில் தாயோடும் பாட்டியோடும் வசிக்கிறான். தந்தை லாரி ஓட்டுநர்; நெடுஞ்சாலை விபத்தொன்றில் இறந்துபோனார். அவர் கடைசியாக வாங்கி வந்து கொடுத்தது ஒரு சிவப்பு லாரி. முன்பக்கத்தை மடக்கி, பின்பக்கத்தை நீட்டி, நடுவே ஒரு திருப்புத் திருப்பினால் அந்த லாரி எழுந்து நிற்கும், இயந்திர மனிதனாகிவிடும். பெயர் பெற்ற நிறுவனத்தின் பொம்மை அன்று. ஏதோ ஓர் ஊரில் வார்க்கப்பட்ட நகல். மறைக்கல்வி வகுப்பில் அதை வைத்து விளையாடினான் என்பதற்காக ஒரு ஞாயிறன்று வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டோம். வகுப்பு முடிந்து திருப்பிக் கொடுத்தபோது, லாரியின் கண்ணாடி வழியே உள்ளே காட்டிக் கேட்டான்:

"சீட்டு இருக்கு, ஸ்டியரிங் இருக்கு. டிரைவரு எங்க போனாரு ஃபாதர்?"

"இது தானா ஓடுற வண்டிப்பா. டிரைவரே தேவையில்லை" என்று சொல்லி அனுப்பினோம். அவன் ஒன்றும் பேசாமல் போனான். அவன் படியிறங்கும்போதுதான், எதை யாரிடம் சொன்னோம் என்பது நமக்கு உறைத்தது. அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை தேடப் போய், இந்தப் பொம்மைகளின் வரலாற்றில் நுழைந்தோம்.

உலகெங்கும் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று அறியப்படும் இவை பிறந்த இடம் ஜப்பான். தக்காரா என்ற நிறுவனம் 1980-இல் 'டயக்ளோன்' என்ற பொம்மை வரிசையைத் தொடங்கியது. 1982-இல் அதன் கீழ், காராக மாறும் இயந்திர மனிதர்கள் வந்தார்கள். அவர்களுடைய உடலுக்குள் இருக்கைகள் இருந்தன. அந்த இருக்கைகளில் அமர ஏறத்தாழ ஓர் அங்குல உயரத்தில் சின்னஞ்சிறு மனித உருவங்களும் இருந்தன. அங்கே இயந்திரம் எவ்வளவு பெரியதானாலும் அது மனிதன் ஏறிச் செலுத்தும் ஊர்தியே. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இந்த வார்ப்புகளை வாங்கி 1984-இல் புதிய பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது கதை மாறியது. இயந்திரங்களே உயிருள்ளவை, வேற்றுக்கோளிலிருந்து வந்து நம் வாகனங்களைப் போல் வேடம் புனைந்து திரிகின்றன என்றானது. சிறு மனிதர்கள் பெட்டியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆனால் வார்ப்பு பழையதே ஆகையால் இருக்கைகள் மட்டும் அப்படியே இருந்துவிட்டன.

ஆக, சிறுவனின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஓட்டுநர் இருந்தார், 1984-இல் இறக்கிவிடப்பட்டார்.

இந்தக் காலி இருக்கையே இப்பொம்மை வரிசையின் மையப் பொருள் என்று நமக்குத் தோன்றுகிறது. மனிதனை எடுத்துவிட்டு, அவனுடைய குணங்களை இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள். மார்வெல் நிறுவனத்தில் பணியாற்றிய பாப் புடியான்ஸ்கி பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரும் குணச்சித்திரமும் எழுதினார். பெட்டியின் பின்புறத்தில் ஒவ்வொரு பொம்மைக்கும் வலிமை எவ்வளவு, அறிவு எவ்வளவு, துணிவு எவ்வளவு என்று ஓர் அட்டவணை இருந்தது. சிவப்புக் கண்ணாடித்தாளை மேலே வைத்தால்தான் அதைப் படிக்க முடியும். 1985-இல் இன்னொரு புதுமை வந்தது. பொம்மையின் மேல் ஒட்டப்பட்ட சிறு சதுரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துச் சூடாக்கினால், அது நல்லவர் அணியா தீயவர் அணியா என்று காட்டும் சின்னம் தெரியும். போலிகளிலிருந்து அசலைப் பிரித்தறியவே நிறுவனம் அதைச் செய்தது. ஆனால் அந்தச் சின்னம் தன்னையறியாமல் ஓர் அழகிய செய்தியைச் சொல்லிவிட்டது: கைச்சூடு பட்டால்தான் உள்ளிருப்பது வெளிப்படும்.

இனி வடிவமைப்பைப் பார்ப்போம். குருமடத்தில் மெய்யியல் படித்த நாள்களில் அரிஸ்டாட்டிலின் பொருளையும் வடிவத்தையும் பற்றிய கோட்பாட்டை மனப்பாடம் செய்திருக்கிறோம். மெழுகு உருண்டை விலங்காகலாம், கனியாகலாம், மெழுகு மெழுகே. உருமாறும் பொம்மைக்கும் இலக்கணம் அதுதான்: எதையும் கூட்டக்கூடாது, எதையும் கழிக்கக்கூடாது, இருப்பதைக் கொண்டே இன்னொன்றாக வேண்டும். ஆப்டிமஸ் பிரைம் என்ற தலைவனின் மார்பைப் பாருங்கள். அது லாரியின் முகப்புக் கண்ணாடியேதான். லாரியாக இருந்த காலத்தை அவன் மறைப்பதில்லை; நெஞ்சிலேயே சுமந்து நிற்கிறான். சவுண்ட்வேவ் என்பவன் ஒலிநாடாப் பெட்டி. நாடாவைச் செருகும் கதவே அவன் மார்பு. இவை சிறந்த கற்பனைகள். ஓர் உருவத்தின் தேவை மற்றோர் உருவத்தின் அழகாகிறது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். புகழின் உச்சியில் இருக்கும் ஆப்டிமஸ் பிரைமே இந்த இலக்கணத்தை மீறுகிறான். முதல் பதிப்பில் அவனுடைய கைமுட்டிகள் தனித் துண்டுகள். மனிதனானபின் எடுத்துச் செருக வேண்டும். லாரியின் பின்னால் வரும் பெரிய பெட்டியோ அவன் உடம்பில் சேர்வதே இல்லை. எத்தனை வீடுகளில் அந்த முட்டிகள் தொலைந்து, தலைவன் கையில்லாமல் நின்றிருப்பான்! அடுத்த குறை அளவைப் பற்றியது. ஹாஸ்ப்ரோ வாங்கியவை ஒரே வரிசைப் பொம்மைகள் அல்ல. காராக மாறுபவை சிறிய அளவுக்குக் குறுக்கப்பட்டவை. ஒலிநாடாப் பெட்டியாகவும் கைத்துப்பாக்கியாகவும் மாறுபவை மெய்யான பொருளின் அளவிலேயே செய்யப்பட்ட வேறொரு வரிசையைச் சேர்ந்தவை. இரண்டையும் ஒரே கதையில் அடைத்ததால், லாரிக்கு எதிரே சமமாக நிற்கும் பகைவன் மெகட்ரான் மறுகணம் உள்ளங்கைத் துப்பாக்கியாகச் சுருங்க வேண்டியதாயிற்று. கை செய்துகாட்ட முடியாததைக் கதை வாயால் சொல்லிச் சமாளித்தது.

கருத்தளவில் உள்ள குறை இவற்றினும் பெரிது. இந்த உலகில் எல்லாம் மாறும். அணி மட்டும் மாறாது. கார் மனிதனாகும், மனிதன் விமானமாவான், தீயவன் தீயவனாகவே இருப்பான், ஏனெனில் அவன் மேல் சின்னம் ஒட்டியிருக்கிறது. உருமாற்றத்தைக் கொண்டாடும் கதையில் மனமாற்றத்துக்கு இடமில்லை என்றால் அது வருத்தத்துக்குரியதே. இந்தக் குறையைப் பின்வந்தோர் உணர்ந்தார்கள் போலும். 1996-இல் விலங்குகளாக மாறும் 'பீஸ்ட் வார்ஸ்' வரிசை வந்தது. அதன் தொலைக்காட்சித் தொடரில் டைனோபாட் என்பவன் பகைவர் கூட்டத்திலிருந்து விலகி வந்து, இறுதியில் எளியோரைக் காக்கத் தன் உயிரையும் கொடுக்கிறான். அந்த வரிசையின் பாத்திரங்களில் அவனைப் பலர் இன்றும் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

வணிகம் கதையில் நுழைந்த இடமும் உண்டு. 1986-இல் வெளிவந்த திரைப்படத்தில் ஆப்டிமஸ் பிரைம் இறந்துபோனான். பழைய பொம்மைகளை ஒதுக்கிவிட்டுப் புதியவற்றை விற்க வேண்டும் என்பதே அந்தச் சாவுக்குக் காரணம். அரங்கில் பிள்ளைகள் அழுதார்கள். எதிர்ப்புக் கிளம்பவே, 1987-இல் தொலைக்காட்சியில் அவன் மீண்டும் உயிரோடு கொண்டுவரப்பட்டான். பெரியவர்கள் சரக்கு என்று எண்ணியதைப் பிள்ளைகள் ஆள் என்று எண்ணியிருந்தார்கள்.

ஓருருவில் ஈருருவைக் காட்டும் கலை நம் மண்ணுக்குப் புதியதன்று. கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், 12-ஆம் நூற்றாண்டுச் சோழர் கோயிலில், காளைக்கும் யானைக்கும் ஒரே தலையை வைத்து ஒரு சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கத்தை உள்ளங்கையால் மறைத்தால் காளை. மறுபக்கத்தை மறைத்தால் யானை. கல் அசையவில்லை, பார்ப்பவனின் கைதான் உருவை மாற்றுகிறது. நம் ஸ்ரீரங்கத்திலேயே, ஆயிரங்கால் மண்டபத்தை அடுத்துள்ள சேஷராயர் மண்டபத்தில், முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளைத் தூண்களில் செதுக்கியிருக்கிறார்கள். குதிரையும் வீரனும் கீழே பாயும் விலங்கும் ஒரே கல்லிலிருந்து பிறந்தவை. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. ஆனாலும் சேணத்தின் மேல் ஆள் இருக்கிறான். அத்தனை வேகத்தையும் செலுத்துபவனைச் சிற்பி மறக்கவில்லை.

ஆள் இல்லாத இயந்திரத்தை நம் ஊர் அறியாது. 1928 முதல் இயங்கிவரும் பொன்மலை இரயில்வே பணிமனை, நீலகிரி மலை இரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களையும் செய்து கொடுத்தது. இயந்திரத்தைப் பிரிக்கலாம், பூட்டலாம், அது கைகளின் வேலை என்பதை அந்தப் பகுதிப் பிள்ளைகள் பார்த்தே வளர்ந்தவர்கள். உருமாறும் பொம்மையின் உயர்வும் இங்கேதான் இருக்கிறது. இருக்கை காலியாயினும் கை காலியாயில்லை. பிள்ளையின் விரல்கள்தாம் அங்கே ஓட்டுநர். ஆகவே, எந்தப் பொம்மை விரல்களுக்கு அளவான வேலை தருகிறதோ அதுவே நல்ல பொம்மை என்று அளவுகோல் வைக்கலாம். 2007-இல் வந்த திரைப்படத்தை ஒட்டிச் செய்யப்பட்ட பெரிய பொம்மைகள் சிலவற்றில், தகடுகளின் எண்ணிக்கை பெருகி, தந்தை குறிப்புத்தாளோடு போராடப் பிள்ளை வேடிக்கை பார்க்கும் நிலை வந்தது. மறுகோடியில், ஒரே அசைப்பில் தானே மாறிவிடும் பொம்மைகளும் பிறகு கடைக்கு வந்தன. முன்னதில் கைக்கு எட்டவில்லை. பின்னதில் கைக்கு வேலையில்லை. இரண்டிலும் ஓட்டுநர் இரண்டாம் முறை இறக்கிவிடப்படுகிறார்.

இவ்வளவையும் படித்த பிறகு, சிறுவனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று இருந்தோம். அதற்குள் கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கியது. குடில் அமைக்கப் பெட்டியைத் திறந்தபோது, சுண்டுவிரல் நுனி அளவுள்ள இடையன் பொம்மை ஒன்று குறைந்தது. எலி இழுத்துப் போயிருக்கும் என்று விட்டுவிட்டோம். அடுத்த ஞாயிறு, கோயில் திண்ணையில் அந்தச் சிவப்பு லாரி நின்றது. குனிந்து கண்ணாடி வழியே பார்த்தோம். இருக்கையில் நம் இடையன் அமர்ந்திருந்தார்.

சிறுவன் நம்மைக் கண்டு பயந்துபோனான். "லாரியை மாத்திக் காட்டுப்பா" என்றோம். அவன் முதலில் இடையனை மெதுவாக எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "அவரு எறங்கின பெறகுதான் மாத்தணும் ஃபாதர். இல்லைன்னா நசுங்கிடுவாரு" என்றான். பிறகு லாரி எழுந்து நின்றது.

ஜப்பானியக் கலைஞர்கள் முதலில் நினைத்ததை, வணிகர்கள் நீக்கியதை, ஸ்ரீரங்கத்துச் சிறுவன் ஒருவன் யாரும் சொல்லாமலே மீட்டு வைத்திருக்கிறான். நாம் அவனுக்குச் சொல்வதற்கென்று சேர்த்து வைத்திருந்த வரலாற்றைச் சொல்லவில்லை. அன்று தவறாகச் சொன்னதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டோம். அந்த ஆண்டு நம் குடிலில் ஓர் இடையன் குறைவு.