முதற் பிரதிக்குப் பிறகு

சென்ற நோன்புக்குச் சற்று முன்னர் ஒரு சகோதரி என் வீட்டுக்கு வந்தார். ஆசிரியை, கவிதை எழுதுபவர். கையிலிருந்த பையில் அவரது தொகுப்பின் 10 பிரதிகள்.

"சேர், இதுகள ஆருக்காவது சும்மா குடுங்க. ஊட்டுல வைக்க எடமில்ல" என்றார்.

500 பிரதிகள் அச்சிட்டிருந்தார். வெளியீட்டு விழாவன்று 180 அளவில் போயின. மீதி கட்டிலின் கீழே. அச்சுச் செலவுக்காக அடகு வைத்த காப்பு இன்னும் மீளவில்லை.

அந்நூலுக்கு அணிந்துரை எழுதியவன் நான். ஆகவே நூலை விற்பது எப்படி என்று வெளியில் நின்று புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. இதில் எனக்கும் பங்குண்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எமது வெளியீட்டு விழாக்களை எல்லோரும் அறிவோம். கிராஅத், வரவேற்புரை, பிரதம அதிதி, முதற் பிரதி பெறும் தனவந்தர், பொன்னாடை, நூலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிய உரைகள். வந்தவர்கள் கடித உறையைக் கொடுத்துப் பிரதியைப் பெற்றுச் செல்கிறார்கள். கொடுப்பவரின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. கலியாண வீட்டுக்குப் போவது போல உறவுக்காக வருகிறார்கள். ஆனால் அந்த 180 பேரில் வாசகர் எத்தனை பேர்? விழா முடிந்ததும் விற்பனையும் முடிந்துவிடுகிறது. அச்சகத்தின் கடன் மட்டும் முடிவதில்லை.

முன்னோர் வேறு வழியில் நடந்தார்கள். அறிஞர் சித்தி லெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 'அசன்பே சரித்திரம்' நாவல் வந்தது 1885 இல். நாவலுக்கு முன்னரே வாசகரோடு அவருக்குப் பேச்சிருந்தது. 1966 இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழைத் தன் கையாலேயே சுமந்து திரிந்து விற்றார். கொழும்பிலிருந்தல்ல, கல்ஹின்னை என்ற சிற்றூரிலிருந்தே எஸ்.எம். ஹனிபா தமிழ் மன்றம் வெளியீடுகளைக் கொண்டுவந்தார். இவர்களுக்கு விற்பனை வெட்கமாகத் தெரியவில்லை. எமக்கோ மேடையில் உறை வாங்குவது கௌரவம், ஒரு பாடசாலை நூலகத்தின் வாசலில் நூலோடு நிற்பது சங்கடம்.

இனி நூல் வெளியிட நினைக்கும் இளையவர்களுக்குச் சில சொற்கள்.

முதலில், எழுதியவற்றைச் சஞ்சிகைகளுக்கு அனுப்புங்கள். திரும்பி வந்தவையும் பாடம் தரும். பெயரை அறிந்தவரே பின்னர் நூலைத் தேடுவார்.

பதிப்பகத்தை அணுகும்போது முழுப் பிரதியையும் கட்டி அனுப்பாதீர்கள். இது என்ன நூல், யாருக்கானது, இதில் எவை எங்கே வெளிவந்தன என்று ஒரு பக்கக் கடிதமும், மிகச் சிறந்த ஐந்தாறு ஆக்கங்களும் போதும். பதிப்பாளர் உங்களிடமே பணம் கேட்டால், எத்தனை பிரதி, விற்பது யார், மிஞ்சுவது யாருக்கு என்பதை எழுத்தில் பெறுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பாளியின் பதிப்புரிமையை அவரது ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் காக்கிறது. அவ்வளவு நீண்ட உரிமையைத் தேநீர் குடிக்கும் நேரத்து வாய்ப்பேச்சில் விட்டுவிடலாகாது.

500 என்ற எண்ணிக்கைக்கு எந்தப் புனிதமும் இல்லை. 2022 நெருக்கடியில் கடதாசி விலை எங்கே போனது என்பதை நாம் கண்டோம். இன்று டிஜிட்டல் அச்சில் 100 பிரதிகளும் எடுக்கலாம். பிரதியொன்றின் செலவு கூடும்தான். ஆனால் கட்டிலின் கீழ் கிடக்கும் மலிவான பிரதியே எல்லாவற்றிலும் விலை கூடியது. தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். இலக்கம் பெறுங்கள். விலை குறிக்கும்போது கடைக்காரருக்கான கழிவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கடையில் வைத்த பிரதிகளுக்குக் கையொப்பத்துடன் துண்டு வாங்கி, ஒரு கொப்பியில் பதிந்து, மூன்று மாதத்துக்கொரு தடவை போய்க் கேளுங்கள். பின்னட்டையில் உங்கள் பட்டங்களை அடுக்குவதைவிட நூலிலிருந்து நல்லதொரு பகுதியைப் போடுங்கள். கடையில் நூலைப் புரட்டுபவர் உங்கள் பட்டத்தை வாங்க வரவில்லை.

இவை யாவும் பயனுள்ளவை. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முந்தியது ஒன்றுண்டு: அச்சுக்குப் போகுமுன் பிரதியை நேர்மையாக வாசிக்கும் ஒருவர். எமது வட்டத்தில் அருகிப்போனவர் அவர்தான். அந்த இடத்தில் இருக்க வேண்டிய விமர்சகர்கள் நாம் அணிந்துரை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சகோதரியின் பிரதி என்னிடம் மூன்று வாரங்கள் இருந்தது. மூன்றிலொரு பங்கைத்தான் வாசித்தேன். பிறையும் கண்ணீரும் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வருவதையும், பல கவிதைகள் இறுதி அடியில் பிரசங்கமாகிவிடுவதையும் அப்போதே கண்டேன். வளரும் படைப்பாளி, பெண்பிள்ளை, மனம் நோகக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லி, 'கனதியான தொகுப்பு' என்று எழுதிக் கொடுத்தேன். அது அன்பு என்றே நம்பினேன். உண்மையில் எனக்கு நேரமில்லை. என் சொல்லை நம்பி அவர் காப்பை அடகு வைத்தார்.

அவர் கொண்டுவந்த பிரதிகளில் ஒன்றை அன்றிரவு முதன்முறையாக முழுமையாக வாசித்தேன். 62 கவிதைகள். அவற்றில் 20 உண்மையில் நல்லவை. மீலாத் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குவது பற்றிய ஒன்றும், உம்மாவின் தையல் இயந்திரம் பற்றிய ஒன்றும் எந்தத் தொகுப்பிலும் நிற்கக்கூடியவை. மற்ற 42 உம் சேர்ந்து அவற்றை மூடிவிட்டிருந்தன.

மறுவாரம் அவரை அழைத்து, பென்சிலால் குறித்த பிரதியைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தார். முகம் வாடியது. பின்னர் கேட்டார்:

"இத அப்பவே சொல்லீக்கலாமே சேர்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்த 10 பிரதிகளையும் விலை கொடுத்தே வாங்கிக்கொண்டேன். அது கடனில் ஒரு மூலையைக்கூடத் தொடாது. இனி முழுவதும் வாசிக்காத எந்த நூலுக்கும் அணிந்துரை எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். என்னிடம் பிரதி தருபவர்கள் இரண்டு மாதம் பொறுக்க வேண்டியிருக்கும். பாராட்டு மட்டும் வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்கலாம். அதற்கு எமது வட்டத்தில் பஞ்சமில்லை.