நிற்காத சமிக்ஞைகள்

காலராக் கிருமி குடல் சுவரை அரிப்பதில்லை. செல்களைக் கொல்வதும் இல்லை. குடலில் ஒட்டிக்கொண்டு ஒரு நஞ்சைச் சுரக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் நோய் முற்றியவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீர் வெளியேறும். அரிசி களைந்த தண்ணீர் போலப் பேதியாகி, கவனிக்காவிட்டால் அன்றைக்கே உயிர் போய்விடும். இத்தனையையும் செய்வது நல்ல நிலையில் இருக்கும் குடல் செல்லின் சொந்த இயக்கம்தான். அதை நிறுத்துகிற ஒரே ஒரு கண்ணியை மட்டும் நஞ்சு முடக்கிவிடுகிறது.

செல் சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பிகளைப் பற்றி நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஆய்வுகளைப் படிக்கும்போது மறுபடி மறுபடி கண்ணில் படுவது இதுதான். சமிக்ஞை எப்படித் தொடங்குகிறது என்ற கேள்விக்குத்தான் புகழும் பரிசும் அதிகம் கிடைத்தன. ஆனால் பல நோய்களை நமக்கு விளங்கவைத்தது, அது எப்படி முடிகிறது என்ற கேள்வி.

தொடக்க காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1905இல் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி, நிகோடினும் குராரே நஞ்சும் தசையில் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்வதைக் கண்டு, அவற்றை ஏற்கும் பொருள் ஒன்று தசைச் செல்லில் இருக்க வேண்டும் என்று எழுதினார். 1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகள் உண்டு என்றார். வெகுகாலம் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. அதை நம்பி வேலை செய்த ஜேம்ஸ் பிளாக், 1960களில் இதயத்துக்கு புரொப்ரனலால் மாத்திரையைத் தந்தார். அப்போதும் ஏற்பியைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லை.

செல்லுக்கு வெளியே வந்து சேரும் ஹார்மோன் உள்ளே நுழையாமலே எப்படி வேலை வாங்குகிறது? எர்ல் சதர்லாண்ட் பாதி விடை கண்டார்: சவ்வின் உட்புறம் ஒரு நொதி தூண்டப்பட்டு, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு உற்பத்தியாகிறது. செல்லுக்குள் செய்தியைப் பரப்புவது அதுதான். மீதிப் பாதி அமெரிக்காவின் பெதஸ்டாவில், மார்ட்டின் ராட்பெல்லின் ஆய்வகத்தில் கிடைத்தது. எலியின் கல்லீரல் சவ்வுகளில் குளுக்ககான் ஹார்மோன் ஒட்டுவதையும் விடுவதையும் அவர் குழு அளந்துகொண்டிருந்தது. ஏ.டி.பி. சேர்த்தால் ஹார்மோன் விரைவாகக் கழன்றது. ஆனால் அந்த ஏ.டி.பி. முழுக்கத் தூய்மையானதல்ல. அதில் கலந்திருந்த குவானோசின் டிரைபாஸ்பேட்தான் உண்மையில் வேலை செய்தது, அதுவும் மிகக் குறைந்த அளவிலேயே. ஏற்பிக்கும் நொதிக்கும் நடுவே குவானோசினைப் பிடிக்கும் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு என்பது 1970களின் தொடக்கத்தில் இப்படித்தான் தெரியவந்தது. கலப்படத்தைக் குறையென்று ஒதுக்காமல் அதில் என்ன இருக்கிறது என்று தேடிய அந்தப் பொறுமைக்காகவே ராட்பெல்லை எனக்குப் பிடிக்கும். ஆல்ஃபிரட் கில்மனின் குழு அந்த மூன்றாவது ஆளான ஜி புரதத்தை 1980இல் பிரித்தெடுத்தது. இருவரும் 1994இல் நோபல் பெற்றார்கள்.

ஜி புரதம் வேலை செய்யும் விதத்தில்தான் என் பேச்சின் சாரம் இருக்கிறது. சும்மா இருக்கும்போது அது இரண்டு பாஸ்பேட் உள்ள குவானோசினைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஹார்மோன் வந்ததும் ஏற்பி வடிவம் மாறி, அதைக் கைவிடச் செய்கிறது. மூன்று பாஸ்பேட் உள்ளது அந்த இடத்தில் அமர்கிறது. ஜி புரதம் பிரிந்து போய் நொதியைத் தூண்டுகிறது. பிறகு வெளியிலிருந்து யாரும் சொல்லாமலே, தான் பிடித்திருக்கும் மூன்றாவது பாஸ்பேட்டைத் தானே வெட்டுகிறது. சில விநாடிகளில் வேலை முடிந்து பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. தன் முடிவைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு புறப்படும் சமிக்ஞை இது.

காலரா நஞ்சு கைவைப்பது அந்த வெட்டும் இடத்தில். 1959இல் கொல்கத்தாவில் சம்புநாத் தே, கிருமிகளை வடிகட்டி அகற்றிய திரவத்தை மட்டும் முயல் குடலின் கட்டிய துண்டுக்குள் செலுத்தி, அது நீர் கோத்து வீங்குவதைக் காட்டினார். கிருமி வேண்டாம், அதன் நஞ்சே போதும் என்று நிரூபணமானது. இந்த மனிதருக்கு வாழ்நாளில் நம் நாடு உரிய மரியாதை செய்யவில்லை என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த நஞ்சு ஜி புரதத்தின் 201ஆம் இடத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு சுமையை ஏற்றிவிடுகிறது என்பது பின்னர் தெரிந்தது. அதற்குமேல் பாஸ்பேட்டை வெட்ட முடியாது. சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகிக்கொண்டே போகும், குளோரைடு வாய்க்கால்கள் திறந்தே கிடக்கும், உப்பும் நீரும் குடலுக்குள் கொட்டும். ஆனால் குளுக்கோஸோடு சேர்த்து சோடியத்தை உறிஞ்சும் வேறொரு பாதை சேதமில்லாமல் இருக்கிறது. 1971இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, சுமார் 30 சதவீதமாக இருந்த சாவை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். மருந்துக்கடையில் நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்தது.

அதே 201ஆம் ஆர்ஜினின் இன்னொரு நோயிலும் தலைகாட்டுகிறது. மக்யூன்–ஆல்பிரைட் நோயில் எலும்பு பலமிழந்து நார்போல் ஆகிறது, தோலில் காப்பிநிறப் படைகள் தோன்றுகின்றன, சில பெண் குழந்தைகள் பள்ளி செல்லும் வயதுக்கு முன்பே பூப்பெய்துகிறார்கள். 1991இல் கண்டறிந்தபடி, கரு வளரும்போது சில செல்களில் அந்த ஓர் அமினோ அமிலம் மாறிவிடுகிறது. ஹார்மோன் வராமலே சினைப்பை ‘வந்துவிட்டது’ என்று நடந்துகொள்கிறது. ஒருபுறம் சாக்கடை நீரில் வந்த கிருமி, மறுபுறம் தாயின் வயிற்றில் நேர்ந்த பிழை. இரண்டும் போய் நிற்கும் இடம் ஒன்று. பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டும் கட்டிகள் பலவற்றிலும் இதே மாற்றம் உண்டு.

புற்றுநோய் ஆய்வும் வேறு வழியாக இங்கேயே வந்து சேர்ந்தது. ஸ்டான்லி கோஹன் கண்டெடுத்த மேல்தோல் வளர்ச்சிக் காரணிக்கு உரிய ஏற்பி வேறு இனம். இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒன்றின் டைரோசின்மேல் மற்றொன்று பாஸ்பேட் ஏற்றும். கோழிகளுக்கு ரத்தப் புற்று உண்டாக்கும் ஒரு வைரஸின் மரபணு, இந்த ஏற்பியின் வெளிப்பகுதியை அறுத்தெடுத்த வடிவம் என்று 1984இல் தெரிந்தது. செய்தி வாங்கும் பகுதி இல்லை. இருந்தும் வளரச் சொல்லி ஆணை மட்டும் ஓயாமல் போகிறது. அந்த ஆணையை உள்ளே கொண்டுபோகும் ராஸ் புரதமும் குவானோசினின் பாஸ்பேட்டை வெட்டித் தன்னை நிறுத்திக்கொள்வதுதான். கணையம், பெருங்குடல், நுரையீரல் புற்றுகளில் அடிக்கடி பழுதாவது இந்த வெட்டும் திறன். ராஸை மருந்தால் தொடவே முடியாது என்று முப்பது ஆண்டுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன் ஒரு வகையைப் பிடிக்கும் சோடோராசிப் 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஏற்பியையே நிறுத்தும் புரதத்துக்கு அரெஸ்டின் என்று பெயர். வேலை செய்த ஏற்பியின் வால்மேல் பாஸ்பேட்டுகள் ஏறியதும் அரெஸ்டின் வந்து ஒட்டி, ஜி புரதம் நெருங்காமல் தடுக்கிறது. ஒளியை உணரும் ஏற்பிகள் உள்ள விழித்திரையில் இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜப்பானில் 1907இல் முதலில் விவரிக்கப்பட்ட ஓகுச்சி நோய் காட்டுகிறது. இந்நோய் உள்ளவரின் விழித்திரை வெளிச்சத்தில் பொன்னிறமாக மின்னும். மணிக்கணக்கில் இருட்டில் வைத்திருந்தால் அந்தப் பொன்னிறம் மறைந்துவிடும். மெல்ல மெல்ல இருட்டில் பார்வையும் வரும். பகலில் பட்ட ஒளியின் சமிக்ஞை அணையாததால், இருட்டில் பார்க்க வேண்டிய செல்களுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. அவர்களுக்கு மாலைக்கண் வருவதற்குக் காரணம், ஒளி போதாமல் இருப்பது அல்ல.

ஆஸ்துமாக்காரர்கள் சல்பூட்டமால் இன்ஹேலரை நாளுக்குப் பலமுறை இழுத்தால் பலன் குறைவதில் இதே அரெஸ்டினுக்குப் பங்கு உண்டு. பீட்டா ஏற்பிகள் அணைக்கப்பட்டு, செல்லுக்குள் இழுக்கப்படுகின்றன. ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் டியூக் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். முன்பு அவருடைய ஆய்வகத்தில் பணியாற்றிய பிரையன் கோபில்கா, பீட்டா ஏற்பி ஜி புரதத்தைப் பற்றியிருக்கும் கணத்தைப் படிகமாக்கி 2011இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு இருவருக்கும் நோபல் கிடைத்தது. இன்று பயன்பாட்டிலுள்ள மருந்துகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, ஜி புரதத்தோடு இணையும் இந்த ஏற்பிக் குடும்பத்தில்தான் வேலை செய்கிறது.

அரெஸ்டினைத் தவிர்த்து ஜி புரதத்தை மட்டும் தூண்டும், மார்ஃபின் போன்ற மருந்து கிடைத்தால் வலி போகும், மூச்சு தடைபடாது என்ற நம்பிக்கை 2000களில் பலமாக எழுந்தது. அரெஸ்டின் இல்லாத எலிகள் அப்படித்தான் காட்டின. பின்னர் வேறு ஆய்வகங்கள் அதே சோதனையைச் செய்தபோது எலிகளுக்கு மூச்சு குறைந்தது. அந்த நம்பிக்கையில் பிறந்த ஆலிசெரிடின் 2020இல் அனுமதி பெற்றாலும், மூச்சு தடைபடும் என்ற எச்சரிக்கை அதன்மேலும் இருக்கிறது. ஒரு ஏற்பியிலிருந்து நல்லது கெட்டது என்று இரண்டு தனி வழிகள் பிரிகின்றன என்ற சித்திரம் மிக அழகாக இருந்ததால், அதைப் போதிய அளவு சோதிக்காமலே துறை ஏற்றுக்கொண்டது என்பது என் எண்ணம்.

இழுத்து மூடப்பட்ட ஏற்பி உள்ளே போனதும் கதை முடிந்தது என்ற பாடமும் இப்போது தளர்ந்துவிட்டது. 2009இல் தைராய்டு சுரப்பியின் ஏற்பியும் பாராதைராய்டு ஹார்மோனின் ஏற்பியும் செல்லுக்குள் இழுக்கப்பட்ட பிறகும் சைக்ளிக் ஏ.எம்.பி.யை உண்டாக்கிக்கொண்டிருப்பதை இரு குழுக்கள் தனித்தனியே காட்டின. சவ்வில் எழும் சமிக்ஞையும் உள்ளறையில் எழும் சமிக்ஞையும் செல்லுக்கு ஒரே பொருள் தருகின்றனவா என்பதே இப்போதைய சர்ச்சை. உடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதே ஏற்பியைத் தூண்டும் செமாகுளூட்டைடு ஊசி பாதி குறையவே ஒரு வாரம் ஆகும். சர்க்கரைக்கும் எடைக்கும் அதை வாரந்தோறும் போட்டுக்கொள்பவர்கள் உலகெங்கும் பெருகிவரும் இந்த நேரத்தில், ஓய்வில்லாமல் தூண்டப்படும் ஏற்பி எத்தனை உள்ளே போகிறது, எத்தனை திரும்பி வருகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஆய்வகங்களுக்குத்தான் என் கவனம் முதலில் போகிறது.