வெயில் வடிக்கும் குடிநீர்: எவ்வளவு நம்பலாம்?

ஆவியாகும் நீர் உப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் மேலே போகும். மழை பிறக்கும் இந்த வழியையே ஒரு பெட்டிக்குள் அடக்கியது சூரிய வடிகலன். கறுப்புப் பூசிய ஆழமற்ற தொட்டியில் சில விரற்கடை உப்புநீர். மேலே சாய்வாகக் கண்ணாடி. வெயில் ஏற ஏறக் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். துளிகள் ஒன்றுசேர்ந்து வழிந்து, கீழ் விளிம்பிலுள்ள குழியில் இறங்கும். அதுதான் குடிநீர்.

இது வெறும் பள்ளிக்கூடச் சோதனை அன்று. சிலி நாட்டின் லாஸ் சலினாஸில், வெடியுப்புச் சுரங்கத்துக்காக சார்லஸ் வில்சன் 1872இல் அமைத்த வடிகலன்களின் கண்ணாடிப் பரப்பு ஒரு ஏக்கருக்கும் அதிகம். கடல்நீரைவிடப் பல மடங்கு கரித்த நீரிலிருந்து நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்கு மேல் நன்னீர் தந்து, சுமார் 40 ஆண்டுகள் அவை உழைத்தன.

இம்முறையின் பலம் இதில் விளங்கும். மின்சாரம் வேண்டாம், எவ்வளவு உப்பானாலும் கவலையில்லை. உப்போடு ஃபுளோரைடு, ஆர்சனிக் போன்றவையும் தொட்டியிலேயே தங்கிவிடும்.

பலவீனமும் இந்த ஆவியாக்கலிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கச் சுமார் 0.65 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் கண்ணாடி வழியே வெளியேறி வீணாகிறது. ஆகவே, நல்ல வெயிலிலும் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 லிட்டர்தான் கிடைக்கும். சென்னையை அடுத்த நெம்மேலியில் 2013இல் தொடங்கிய, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அதே அளவை வெயிலில் வடிக்கச் சுமார் 25 சதுர கிலோமீட்டர் கண்ணாடி வேண்டும்! நீரை அழுத்திச் சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் எதிர்ச்சவ்வூடு பரவல் (RO) ஆலைகளோ 1,000 லிட்டருக்கு 3, 4 யூனிட் மின்சாரத்தில் வேலையை முடிக்கின்றன.

பராமரிப்பும் எளிதன்று. உப்புப் படிவைக் கழுவி அகற்றாவிட்டால், கண்ணாடியில் தூசி படிந்தால், இணைப்புகளில் ஆவி கசிந்தால் விளைச்சல் சரியும். ஆவியின் வெப்பத்தை அடுத்தடுத்த அடுக்குகளில் மீண்டும் பயன்படுத்தும் புதிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் அங்கே எளிமை குறைகிறது.

நகரத்தின் தாகத்துக்கு இது விடையாகாது. ஆனால் ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் குடிநீர்த் தேவை 15 லிட்டர் என்றால், நான்கைந்து சதுர மீட்டர் போதும். மின்சாரம் எட்டாத தீவுகளிலும் கிணறு உவர்த்த கடலோரக் குப்பங்களிலும் அந்த 15 லிட்டர் பெரிய காரியம். குடிக்க மட்டும் என்ற எல்லையை ஏற்று, பராமரிக்க உள்ளூரிலேயே ஆள் பழக்கிய பின் இதை அமைப்பதே அறிவுடைமை.