ஊர் அபிமானமும் கல்லூரி அபிமானமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் விளையாட்டு ரசிகனுடைய வருஷம் தை மாதத்தில் பிறக்கிறது. கோயில் திடலில் காளைக்குக் கயிறு பூட்டி எருதாட்டம் நடத்தும் கிராமங்கள் ஒரு பக்கம் அழைக்க, ஆத்தூரைச் சுற்றிக் கூலமேடு, தம்மம்பட்டி முதலிய ஊர்களின் ஜல்லிக்கட்டு மறுபக்கம் இழுக்க, அந்த உற்சாகம் தணிவதற்குள் மாரியம்மன் பண்டிகைகளை ஒட்டி விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய நடக்கும் கபடிப் பந்தயங்கள் வந்து சேருகின்றன. கபடி ஓயும்போது ஐ.பி.எல். ஆரம்பமாகிவிடுகிறது, அதை அடுத்து, 2020-இல் வாழப்பாடியில் திறக்கப்பட்ட மைதானத்தின் புண்ணியத்தால், தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களை நேரிலேயே பார்க்கும் பாக்கியமும் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் நேசித்து மற்றவற்றைப் புறக்கணிப்பவரை எங்கள் பக்கத்தில் நான் அதிகம் கண்டதில்லை. காலையில் தேநீர்க் கடையில் தினத்தந்தியின் விளையாட்டுப் பக்கத்துக்காகக் காத்திருப்பவர், முதல் நாள் ஓவர்களை விமரிசித்த அதே மூச்சில், பக்கத்து ஊர்க் காளை யார் கைக்கும் பிடிபடாமல் போன வீரத்தையும் வர்ணித்துவிட்டுத்தான் வேலைக்குப் புறப்படுவார்.

யாழ்ப்பாணத்திலும் இத்தகைய ரசிகர்கள் உண்டு. அவர்களுடைய அபிமானமும் பல விளையாட்டுகளிலே படர்ந்து கிடப்பதுதான். ஆயினும் அவர்களுடைய வருஷத்துக்குத் தாளக்கட்டு வேறு. அங்கே வருஷத் தொடக்கத்தில் பாடசாலைகளின் இல்ல மெய்வன்மைப் போட்டிகள் நடக்கின்றன. பிள்ளைகள் இல்லங்களாகப் பிரிந்து, தத்தம் கொட்டிலை வர்ணத் தோரணங்களால் சிங்காரித்து, ஓடியும் பாய்ந்தும் புள்ளி சேர்க்கும் அந்த நாளில் தாய் தந்தையரும் பாட்டன்மாரும் மைதான ஓரத்தில் வந்து நிற்கிறார்கள். மார்ச் மாதத்தில் கல்லூரிகளுக்கிடையிலான பெரிய கிரிக்கெட் ஆட்டங்கள். பிறகு உதைபந்தாட்டமும் வலைப்பந்தாட்டமும். மாலை தோறும் கிராமத்து விளையாட்டுக் கழகங்களின் கரப்பந்தாட்டம். பொங்கலையும் சித்திரைப் புத்தாண்டையும் ஒட்டி மாட்டுவண்டிச் சவாரியும் போர்த்தேங்காயும் வருகின்றன.

அங்கே தங்கியிருந்த நாட்களில் ஒரு வித்தியாசம் என் மனத்தில் ஆழப் பதிந்தது. எங்கள் பக்கத்தில் மைதானத்தில் அறிமுகமாகும் மனிதர், “உங்களுக்கு எந்த ஊருங்க?” என்று கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார், ஊர் தெரிந்துவிட்டால், அந்த ஊர்க் கபடிக் குழுவின் பெருமையும் காளைகளின் குணமும் தாமாகவே சம்பாஷணைக்குள் வந்துவிடும். யாழ்ப்பாணத்திலோ, “அண்ணை, நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம்?” என்பதே முதற் கேள்வி. எழுபது வயதுப் பெரியவரிடத்திலும் கேட்கப்படுகிற அந்தக் கேள்விக்கு, அவர் நேற்றுத்தான் வகுப்பறையை விட்டு வந்தவரைப் போல நெஞ்சு நிமிர்த்தி விடை சொல்வதைப் பார்த்தபோது, இரு தேசத்துத் தமிழ் ரசிகர்களின் பேதம் முழுவதும் அந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றிற்று. எங்கள் அபிமானம் ஊரைப் பற்றிக்கொண்டு வளர்வது; அவர்களுடையது கல்லூரியைப் பற்றிக்கொண்டு வளர்வது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904-ஆம் வருஷம் தொடங்கிய கிரிக்கெட் ஆட்டம், வடக்கின் பெரும் போர் என்னும் பெயரோடு இன்றும் நடந்துவருகிறது. யுத்த காலத்தில் சில வருஷங்கள் தடைப்பட்டதே ஒழிய, அது மறக்கப்படவில்லை. கோட்டைக்கு அருகில் மத்திய கல்லூரியின் மைதானத்தில் அந்த ஆட்டம் நடக்கும்போது, கல்லூரிக் கொடிகளை ஏந்திய மாணவர் கூட்டம் ஒரு புறமும், லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் இதற்கென்றே விடுமுறை எடுத்து வந்த பழைய மாணவர்கள் ஒரு புறமுமாக நிறைந்திருக்க, பாப்பரே வாத்தியக்காரர்களின் எக்காளமும் மேளமும் ஓயாமல் முழங்குகின்றன. ஆடுகிறவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அவர்களில் ஒருவன் சதம் அடித்துவிட்டால், அந்தச் சதம் அவனுடைய ஆயுள் முழுவதும் அவனோடு வரும். அவனுக்குப் பேரன் பிறந்த பிறகும், இன்ன வருஷத்தில் இன்ன பந்துவீச்சாளரை அவன் எப்படி அடித்தான் என்று சொல்வதற்கு ஊரில் சாட்சிகள் இருப்பார்கள். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் கொக்குவில் இந்துக் கல்லூரியும் தங்களுக்குள் ஒரு போரையும், வட்டுக்கோட்டையின் யாழ்ப்பாணக் கல்லூரியும் பரி. பத்திரிசியார் கல்லூரியும் மற்றொன்றையும் நடத்துகின்றன. கொழும்பில் 1879 முதல் நடந்துவரும் ரோயல், தோமியன் ஆட்டத்தின் சம்பிரதாயம் வடக்கில் இப்படி வேர் விட்டிருக்கிறது.

இதற்கு ஈடாக எங்கள் சமவெளியில் எதைக் காட்டுவது? சின்னப்பம்பட்டியைக் காட்டலாம். தறித் தொழிலாளியின் மகனான தங்கராசு நடராஜன் கல்லூரி மைதானம் எதிலும் வளர்ந்தவர் அல்லர். ஊர்ப் பொட்டல்களில் டென்னிஸ் பந்தை வீசி வீசியே, பேட்ஸ்மேனின் கால் விரலைக் குறிவைத்து இறங்கும் யார்க்கரைக் கைவசப்படுத்தினார். இந்திய அணியின் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுவதற்காக ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவர், 2020 டிசம்பரில் கான்பராவில் ஒருநாள் ஆட்டத்திலும் இருபது ஓவர் ஆட்டத்திலும், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டத்திலுமாக, ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். ஊர் திரும்பிய நாளில் ஜனங்கள் அவரைக் குதிரை பூட்டிய சாரட்டில் ஏற்றி, கொட்டு முழக்கோடு வீதி வலம் கொண்டு வந்தார்கள். அந்த ஊர்வலத்தில் நடந்தவர்களில் எத்தனையோ பேர் டெஸ்ட் ஆட்டம் ஒன்றை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்திராதவர்கள். ஆயினும் நம் ஊர்ப் பையன் என்ற ஒரே பாத்தியதை அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஊர் அபிமானத்தின் மகிமை அதுதான். அது யாருடைய சான்றிதழையும் கேட்பதில்லை. பெரிய கல்லூரியின் வாசலை மிதிக்க வகையில்லாத பிள்ளைக்கும் அதில் இடம் உண்டு.

என்றாலும் என் மனத்தை வருத்தும் ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்கள் கோழிப்பண்ணைக்கும் லாரிக்கும் போர்வெல் வண்டிக்கும் பெயர் பெற்றதைப் போலவே, மதிப்பெண் வாங்கித் தரும் விடுதிப் பள்ளிகளுக்கும் பெயர் பெற்றன. தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் பிள்ளைகள் அங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டார்கள். விடியுமுன் எழுந்து படித்து, இரவு வெகுநேரம் வரை மறுபடியும் படித்து, விளையாட்டுப் பாடவேளையையும் கணக்குக்கும் வேதியியலுக்கும் ஒப்படைத்துவிட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கிறது. அவர்களில் பலர் வைத்தியர்களாகவும் பொறியாளர்களாகவும் விளங்குகிறார்கள். அதைக் குறைத்துச் சொல்ல நான் முன்வரவில்லை. ஆனால் நாற்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்து கைதட்டுவதற்கு அவர்களுக்கு எந்த மைதானம் இருக்கிறது? யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளும் படிப்பில் பின்தங்கியவை அல்ல. பரீட்சைக்காகப் பிள்ளைகளை வதைக்கும் தனியார் வகுப்புகளும் அங்கே ஏராளம். அப்படியிருந்தும் மார்ச் மாதத்து ஆட்டத்தை அவர்கள் கைவிடவில்லை என்பதைக் காணும்போது, எங்கள் பள்ளிகள் விளையாட்டைத் துறந்தது தவிர்க்க முடியாத தியாகம் என்று யாராவது வாதித்தால் அதை ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை.

உயரம் தாண்டுதலில் இரு சமவெளிகளும் உலகத்துக்கு அளித்த இருவரை இங்கே நினைக்கிறேன். மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958-இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசியப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கிய பிள்ளை, 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், 2021-இல் அதே டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிஸில் வெண்கலமும் பெற்றார். கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த அவரை உயரம் தாண்டச் சொன்னவர் அவருடைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். ஊர் அபிமானம் வெற்றிக்குப் பிறகுதான் சாரட் பூட்டும். வெற்றிக்கு முன்னே பிள்ளையின் கால்வலிவைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் வேண்டியிருக்கிறது.

மாடுகளைப் பற்றிய அபிமானத்தில் மாத்திரம் இரு கரைகளும் ஏறத்தாழ ஒன்றே. 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது எங்கள் கிராமங்களில் தைப்பொங்கல் களையிழந்தது. 2017 ஜனவரியின் கிளர்ச்சியும் அதைத் தொடர்ந்த சட்டமும் அதை மீட்டுக் கொடுத்தன. யாழ்ப்பாணத்துச் சவாரித் திடலில் இரட்டை மாடுகள் பூட்டிய வண்டில்கள் புழுதி பறக்க ஓடும்போது, ரசிகர்கள் ஓட்டுபவரின் திறமையையும் மாடுகளின் ஒற்றுமையையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள். இங்கேயோ காளை தனியே நின்று புகழ் பெறுகிறது. ஒலிபெருக்கியில் அதன் உரிமையாளர் பெயரும் ஊரும் சொல்லப்படுவதைக் கேட்பதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

தூரத்து ஆட்டங்களுக்குப் பிரயாணம் போகும் விஷயத்தில் அவர்கள் பட்ட கஷ்டத்துக்கு முன் எங்களுடையது ஒன்றுமில்லை. சேலத்து ரசிகன் இரவில் ஏற்காடு விரைவு வண்டியில் ஏறினால் விடியற்காலையில் சென்னை. வெயில் ஏறுமுன் சேப்பாக்கத்து வரிசையில் நிற்கலாம். யாழ்தேவி ரயிலோ யுத்தத்தால் 1990-இல் நின்றுபோய், 2014 அக்டோபரில்தான் மறுபடியும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் கொழும்பில் நடந்த ஆட்டங்கள் பலருக்கு வானொலிச் செய்திதான். உள்ளூர் மைதானத்துக்கும் அந்தக் காலத்தின் தழும்பு உண்டு. யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கைப் புதுப்பிக்கத் தோண்டியபோது, 1999-இல், மண்ணுக்கடியிலிருந்து மனித எலும்புகள் வெளிப்பட்டன. அந்த அரங்கு இந்திய உதவியோடு செப்பனிடப்பட்டு 2016 ஜூனில் திறக்கப்பட்டது. இன்று அங்கே ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்துக் கைதட்டும் முதியவர்கள், அந்த மண்ணின் சரித்திரத்தையும் அறிந்தவர்களாகவே கைதட்டுகிறார்கள்.

இந்தியாவும் இலங்கையும் மோதும்போது யார் பக்கம் என்று யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் கேட்டேன். ஒரே வீட்டில் தகப்பன் ஒரு பக்கமும் மகன் மறு பக்கமும் இருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் நிலைமையும் அவ்வளவு தெளிவானதன்று. தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன பாட்டனின் பேரரான முத்தையா முரளிதரன் 2008 முதல் 2010 வரை ஐ.பி.எல்லில் சென்னை அணிக்கு ஆடியபோது அவரை எங்களவர் என்று கொண்டாடினோம். 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிராகவே அவர் தமது 800-ஆவது விக்கெட்டை எடுத்தபோதும் பெருமைப்பட்டோம். 2013-இலோ யுத்தத்தின் துயரத்தை முன்னிட்டு, இலங்கை வீரர் எவரும் சென்னையில் ஐ.பி.எல். ஆடலாகாது என்று மாநில அரசு வற்புறுத்த, அந்தத் தடை முரளிதரனையும் உட்படுத்தியே அமைந்தது. அந்த இரண்டு உணர்ச்சிகளும் மெய்யானவை. பின்னர் 2024-இல், மத்திய கல்லூரியில் பயின்ற யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்த்தும் சின்னப்பம்பட்டி நடராஜனும் ஹைதராபாத் அணியில் ஒரே சட்டை அணிந்தார்கள். தேநீர்க் கடையில் அன்று அந்தப் பையனின் ஊர் எது என்று விசாரித்தவர்களுக்கு விடை சொல்லும் சந்தோஷம் எனக்கு வாய்த்தது.

யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி லங்கா பிரீமியர் லீக்கில் மீண்டும் மீண்டும் கோப்பை வென்றும், அதைத் தங்கள் மண்ணில் ஆடப் பார்க்கும் வாய்ப்பு அவ்வூர் ரசிகர்களுக்குக் கிடைத்ததில்லை. 2025 செப்டம்பரில் மண்டைத்தீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. இங்கே நடராஜன் தம் ஊரில் அமைத்த மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் போக்குவரத்தும் அதே வருஷம் அக்டோபரில் தொடங்கிற்று. ஓமலூர், தாரமங்கலம் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் அணி ஒன்றை அந்தக் கப்பலில் ஏற்றி மத்திய கல்லூரி மைதானத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அடுத்த தையில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சின்னப்பம்பட்டிக்கு வர வேண்டும். பகலில் கிரிக்கெட்டும் இரவில் கபடியும் ஆட வேண்டும். இதற்குப் பொருள் திரட்டும் காரியத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்களிடத்தில் நான் பிரஸ்தாபித்திருக்கிறேன்.