விற்க நிலம் இல்லாத அப்பாக்கள்

பீகாரின் வைபவ் சூர்யவன்ஷியை கிரிக்கெட் வீரராக்க அவருடைய அப்பா விவசாய நிலத்தை விற்றார். 2025 ஏப்ரல் 28 அன்று ஐபிஎல்லில் குஜராத் டைட்டன்ஸுக்கு எதிராக 35 பந்தில் சதம் அடித்தபோது வைபவுக்கு வயது 14. அந்தச் சதத்தோடு சேர்ந்து நிலத்தை விற்ற கதையும் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற லைட்ஹவுஸ் குப்பத்தில் அதைக் கேட்கும் தகப்பனிடம் விற்க நிலம் ஏது? இருப்பது படகும் வலையும்தான். அவரை நினைத்துத்தான் இந்தக் கதையை அலச வேண்டியிருக்கிறது.

செஸ் வீரர் குகேஷின் அப்பா ரஜினிகாந்த் காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குப் போக வேண்டும் என்பதற்காகத் தொழிலை நிறுத்தினார். அம்மா பத்மகுமாரியின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. அந்தத் தியாகம் பெரியது. ஆனால் 2013இல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் உலக செஸ் பட்டத்துக்காக மோதியதைப் பார்த்த ஏழு வயதுப் பையனுக்கு உலக சாம்பியன் ஆசை தானாகவே பிடித்துக்கொண்டது. அதை யாரும் ஊட்டவில்லை. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவும் அவசரப்படவில்லை. செஸ் எஞ்சினை நெடுநாள் தொடவிடாமல் சொந்தமாக யோசிக்க வைத்தார். 2019 ஜனவரியில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, மிக இளையவர் என்ற கர்யாகினின் சாதனை 17 நாள் வித்தியாசத்தில் கை நழுவியது. அதனால் என்ன கெட்டுவிட்டது? 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரேனை 7.5–6.5 என வீழ்த்தி, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

இன்னொரு செஸ் குடும்பத்தில், வைஷாலியை செஸ் வகுப்பில் சேர்த்ததே அவர் டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் பழகிக்கொண்டார். இருவருமே இன்று கிராண்ட்மாஸ்டர்கள். அம்மா நாகலட்சுமி வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோறும் ரசமும் வைத்துக் கொடுத்தார்.

மாறாக, டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியை அவருடைய அப்பா சின்ன வயதிலேயே பந்து வீசும் இயந்திரத்தின் முன் நிறுத்தினார். எட்டு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற அகாசி, டென்னிஸை வெறுத்ததாக 2009இல் வந்த சுயசரிதையில் எழுதினார். ஜெனிஃபர் கேப்ரியாட்டி 13 வயதில் தொழில்முறை டென்னிஸுக்கு வந்து, பதின்பருவம் முடிவதற்குள் நொறுங்கினார். அதன் பிறகுதான் பெண்கள் டென்னிஸ் சங்கம் வயது வரம்பை இறுக்கியது. சர்வதேச கிரிக்கெட்டுக்கு 15 வயது என்று ஐசிசி 2020இல் வரம்பு வைத்தது. ஐபிஎல் அதற்குள் வராது.

குகேஷ் ஜெயிக்காமல் போயிருந்தால் மருத்துவரான அவருடைய அப்பா மறுபடி கிளினிக்கைத் திறந்திருப்பார். படகை விற்ற மீனவர் எதற்குத் திரும்புவார்? தோற்ற ஆட்டத்தோடு குடும்பத்தின் கடனையும் அந்தப் பிள்ளைதான் சுமக்கும்.

குப்பத்து அப்பாக்களே, படகை விற்காதீர்கள், பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீர்கள். பிள்ளை தானாகக் கேட்கும்வரை பொறுங்கள். விளையாட்டு விடுதிகள் நடத்தும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், பழவேற்காட்டுக் கரைக்கே வந்து திறமையைத் தேட வேண்டும். அந்தச் செலவை அரசு ஏற்கட்டும்.